சத்தத்துக்குப் போட்ட மாத்திரை

பெண்களுக்கு ஸ்கூட்டி ஓட்டப் பழக்குவது என் தொழில். நாலு வருடத்துக்கு முன்பு ஒரு காலையில், கோரிப்பாளையம் சிக்னல் பக்கம், பழகிக்கொண்டிருந்த பெண் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பஸ் ஒன்று ஹாரனை அடித்தபடி ஒட்டி வந்தது. அவள் பயந்துபோய் பிரேக்கை அமுக்கிவிட்டாள். அவளுக்குச் சிராய்ப்போடு போயிற்று. எனக்கு வலது கால் எலும்பு முறிந்தது.

ஆபரேஷன் முடிந்து பத்து நாளைக்கென்று எழுதிக்கொடுத்த வலி மாத்திரையை இரண்டு வருடம் விழுங்கினேன். பழைய சீட்டைக் காட்டிக் கடை கடையாக வாங்கினேன். ஒரு வேளை தவறினால் மூக்கு ஒழுகும், உடம்பு முறுக்கும், வயிறு கலங்கும். அரிசி டப்பாவுக்குள் நான் ஒளித்துவைத்திருந்த அட்டைகளை ஒருநாள் வீட்டுக்காரர் கண்டுபிடித்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "இம்புட்டையுமா சாப்பிட்ட?" என்று மட்டும் கேட்டார். மறுநாளே போதை மீட்பு சிகிச்சை மையத்துக்குக் கூட்டிப்போனார்.

அங்கே வரிசையில் நின்ற அம்புட்டுப் பேரும் ஆண்கள். நான் சேலைத் தலைப்பால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றேன். "அக்கா, நீங்க முன்னாடி போங்க" என்று ஒருவர் வழிவிட்டார். பழைய மாத்திரைக்குப் பதிலாக அங்கே தரும் மருந்து மாத்திரையை நர்ஸ் கண்ணெதிரிலேயே நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்க வேண்டும். ஒரு வாரத்தில் உடம்பு அடங்கியது. ஆனால் தூக்கம் வரவில்லை. தெருவில் ஹாரன் கேட்டால் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவேன், உடனே பழைய மாத்திரையின் நினைப்பு வரும்.

மையத்தின் மனநல ஆலோசகர் என்னைவிட இளையவர். மூன்றாவது முறை பார்த்தபோது கேட்டார்: "கால் ஆறி ரொம்ப நாளாச்சேக்கா. அதுக்கப்புறம் எந்த வலிக்குப் போட்டீங்க?"

"சத்தத்துக்கு" என்றேன்.

வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே அது தெரிந்தது. அந்த ஹாரன் இரண்டு வருடமாக எனக்குள் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அன்றைக்கு அழுத அழுகையை ஆபரேஷனுக்குக்கூட நான் அழவில்லை.

"ஒரு மாத்திரைய விட்டுட்டு இன்னொண்ணப் பிடிச்சுக்கிட்டா, அம்புட்டுத்தானே?" என்று வீட்டுக்காரர் ஆலோசகரிடம் கேட்டார்.

"இது மருந்து சார். உடம்பை இது பார்த்துக்கும். மனசுல பட்ட அடிக்குத் தனியா வைத்தியம் பண்ணணும். ரெண்டும் சேர்ந்தாத்தான் குணமாகும்."

முதலில் ஆலோசகர் விபத்தை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். திரும்பத் திரும்பச் சொன்னேன். பிறகு தூசி படிந்து கிடந்த வண்டியைத் தொட்டேன், ஏறி உட்கார்ந்தேன், தெருமுனை வரை ஓட்டினேன். அந்தச் சிக்னல் அருகே ஒரு டீக்கடையில் ஆலோசகரோடு நின்று போக்குவரத்தைப் பார்ப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். முதல் நாள் ஐந்து நிமிடத்தில் ஓடிவந்துவிட்டேன். நாலாவது நாள் டீயை முழுசாகக் குடித்தேன்.

ஒரு திங்கட்கிழமை பத்து மணிக்கு வண்டியை எடுத்தேன். "நான் பின்னால உக்காந்துக்கவா?" என்றார் வீட்டுக்காரர். அவரை ஏற்றிக்கொண்டு போய் கோரிப்பாளையம் சிக்னலில் நின்றேன். பச்சை விழுந்தது. முதுகுக்குப் பின்னாலேயே ஒரு பஸ் ஹாரனை அலறவிட்டது. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தேன். ஆனாலும் பிரேக் பக்கம் விரல் போகவில்லை. அப்படியே நேராகத் தாண்டிவிட்டேன்.

"போதும், நிப்பாட்டு" என்றார் அவர்.

"மாட்டுத்தாவணி வரைக்கும் போறேன், பேசாம வாங்க!"

வழியெல்லாம் பைத்தியம் மாதிரி சிரித்தேன். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் செவ்வந்தி மாலை வாங்கி அவரே ஹேண்டில்பாரில் கட்டினார்.

இன்னமும் மாத்திரை கரைக்கிறேன். எப்போது குறைப்பதென்று டாக்டர் சொல்வார், எனக்கு அவசரமில்லை. மாதம் ஒருமுறை ஆலோசகரையும் பார்க்கிறேன். வரிசையில் இப்போது முகத்தை மறைப்பதில்லை.

போன மாதம், எழுமலையிலிருந்து வேலைக்கு வந்து என்னிடம் வண்டி பழகிய ஒரு பெண், லைசென்ஸ் டெஸ்ட்டில் காலை ஊன்றாமல் எட்டுப் போட்டாள்.

"யாரும்மா சொல்லிக்குடுத்தது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் திரும்புவதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன். "நான்தான் சார்!"