ஜன்னல் திரைப் பாவாடை

இந்த ஊரில் நம் மொழி பேசும் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அத்தனை பெண்களுக்கும் துணி தைப்பவள் என் அக்காதான். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனைக்கு ஆஸ்பத்திரியில் கூப்பிட்டபோது, வயதான பெண்கள் ஒருவரும் அசையவில்லை. முதலில் முடியாது என்றவள் என் மனைவி. அக்கா மட்டும் போனாள். போன வேகத்தில் திரும்பினாள்.

"இடுப்புக்குக் கீழ ஒண்ணுமில்லாம படுக்கணுமாம்டா. மூடிக்க ஒரு காகிதம் குடுக்கறா. நான் என்ன பொட்டலமா?"

எங்கள் சின்னம்மா இந்த நோயில்தான் போனாள். அதைச் சொல்லி அக்காவிடம் கத்தித் தீர்த்தேன். அக்கா பூப்போட்ட ஜன்னல் திரையைக் கழற்றி, முன்பக்கம் திறப்பு வைத்துப் பாவாடை தைத்தாள்.

"ஜன்னலுக்கு இருக்கற மரியாதை எனக்கு வேண்டாமா?"

மறுநாள் ஆஸ்பத்திரியில் அதைக் கட்டிக்கொண்டு படுத்தாள். சோதனை சட்டென்று முடிந்தது. பயப்பட ஒன்றுமில்லை என்று முடிவும் வந்தது.

அதன்பிறகு பாவாடை வீடு தங்கவில்லை. ஒருத்தி துவைத்துக் கொடுப்பதற்குள் அடுத்தவள் வாசலில் நின்றாள். நேற்று என் மனைவியே போனில் கேட்டாள்.

"அண்ணி, பாவாடை சும்மாதான இருக்கு?"

"இருக்குடி. உன் இடுப்புக்கு இன்னொரு ஜன்னலையும் கழட்டணும். வா."

நான் வண்டிச் சாவியை எடுத்தேன்.