வீட்டுக்கு முப்பது வெள்ளி

நான் மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவள். எழுதிப் பழக்கமில்லாதவள் எழுத வந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். செங் என்ற ஊரில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில், பணக்காரர்களுக்குக் கூடுதல் வரி போடுவது நியாயமா என்று போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் பெரிய வாக்குவாதம். நான் வழக்கம்போல் வாய் திறக்கவில்லை. சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் சிம்பாங் அம்பாட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருந்தோம். எனக்குப் பத்து வயது. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி என்று ஒன்று உண்டு. வீட்டுக்கு முப்பது வெள்ளி. வரி கட்டிய வீட்டு வாசலில் ரதம் நிற்கும், தேங்காய் உடைத்துத் தீபாராதனை காட்டுவார்கள். கட்டாத வீட்டைத் தாண்டிப் போய்விடும்.

எங்கள் ரதம் ஒரு லோரிதான். குத்தகைக்காரருடையது. ஆள் சேர்த்து வேலைக்குக் கொண்டுபோகும் அவருக்கு மூன்று லோரிகளும் தங்கா பத்துவில் ஒரு கல் வீடும் இருந்தன. தினமும் விடியற்காலை அந்த லோரி, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளின் முன் நின்று நின்று ஆள் ஏற்றிக்கொண்டு செம்பனைக் குலை வெட்டப் போகும். திருவிழா அன்று அதையே கழுவி, வாழை மரம் கட்டி, அம்மனை ஏற்றுவார்கள்.

அந்த வருடம் மழை அதிகம். வெட்டு இல்லாத நாளுக்குச் சம்பளமும் இல்லை. லோரியில் போகும்போதெல்லாம் ஆண்கள் வரியைப் பற்றித்தான் பேசினார்களாம். "நீ எந்திரிச்சுக் கேளுண்ணே, நாங்க பின்னாடி நிக்கிறோம்" என்று அப்பாவிடம் சொன்னார்களாம்.

கோயில் கூட்டத்தில் அப்பா எழுந்தார். நான் அம்மாவின் மடியில் சாய்ந்திருந்தேன்.

"மூணு லோரி வச்சிருக்கவருக்கும் முப்பது, எதிர் வீட்டு அக்காவுக்கும் முப்பதா? வருமானத்துக்குத் தக்கபடி போடுங்க. அதுவரைக்கும் நான் கட்டமாட்டேன்."

குத்தகைக்காரர் சிரித்தார். "மேளத்துக்கு ஐந்நூறு வெள்ளி நான்தானே குடுக்கிறேன், தம்பி? இன்னும் வேணும்னாலும் குடுப்பேன். ஆனா அது நன்கொடை. வரின்னு கேட்டா எனக்கும் முப்பதுதான்லா."

"நன்கொடைக்கு முதல் மாலை உங்களுக்குப் போடணும். வரிக்கு மாலை வேணாம், அதான் வித்தியாசம்" என்றார் அப்பா.

யாரோ களுக்கென்று சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள். அப்பா திரும்பிப் பார்த்தார். பின்னால் நிற்பதாகச் சொன்னவர்கள் எல்லோரும் உட்கார்ந்தே இருந்தார்கள். எழுந்தது எதிர் வீட்டு அத்தைதான். புருஷனை இழந்து, உதிர்ந்த பழம் பொறுக்கி இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர்.

"நான் கேட்டேனா ஒன்கிட்ட? கொறச்சுக் குடுத்துட்டு ஆத்தா முன்னாடி நான் கொறைஞ்சு நிக்கணுமா? என் முப்பதை நான் கட்டிக்கிறேன், நீ ஒன் சோலியப் பாரு."

அதோடு கூட்டம் முடிந்தது. அத்தை அந்த மாதம் தோட்டைக் கழற்றி அடகு வைத்து வரி கட்டியதாக அம்மா பிறகு சொன்னாள்.

வரியைக் கட்டிவிடும்படி அம்மா எவ்வளவோ கெஞ்சினாள். அப்பா அசையவில்லை. எனக்கோ ஒரே கவலைதான். எங்கள் வாசலில் மட்டும் ரதம் நிற்காவிட்டால் பள்ளியில் என்னைக் கேலி செய்வார்கள்.

திருவிழா அன்று பொழுது சாயும்போது மேளம் லயத்துக்குள் நுழைந்தது. வாசலுக்கு வாசல் லோரி நின்றது. எங்கள் வாசலில் வேகம்கூடக் குறையவில்லை. அப்பா படியில் உட்கார்ந்து எதிர் வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா யாருக்கும் தெரியாமல் தேங்காய் பழம் வைத்த தட்டு ஒன்றைக் கதவுக்குப் பின்னால் தயாராக வைத்திருந்தாள். நான் அதைத் தூக்கிக்கொண்டு லோரிக்குப் பின்னால் ஓடினேன்.

மாலை போட்டு முன்னால் உட்கார்ந்திருந்த குத்தகைக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டார். "நிப்பாட்டு, நிப்பாட்டு! சின்னப் புள்ள என்ன பாவம் பண்ணுச்சு?" லோரி நின்றது. தேங்காய் உடைந்தது. அவரே இறங்கி என் நெற்றியில் திருநீறு பூசினார்.

"அப்பா நல்லாப் பேசுறாருன்னு நான் சொன்னேன்னு சொல்லும்மா. இனிமே பேசறதுக்கு அவருக்கு நெறைய நேரம் இருக்கும்."

ஒரு சொல் விடாமல் மனதில் வைத்துக்கொண்டு ஓடிவந்தேன். "அப்பா, லோரி மாமா உங்களைப் புகழ்ந்தாரு!" என்று மூச்சிரைக்க எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அம்மா தட்டை வாங்காமல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். அப்பா என்னை அருகில் இழுத்து, நெற்றியிலிருந்து கண்ணில் விழுந்திருந்த திருநீற்றை மட்டும் துடைத்துவிட்டார். ரதத்தை நிறுத்தியவள் நான், ஒருவரும் என்னைப் பாராட்டவில்லையே என்று எனக்குக் கோபம் வந்தது. அந்த மாமா எவ்வளவு நல்லவர் என்று நினைத்தபடியே தூங்கிப்போனேன்.

மறுநாள் விடியற்காலை, வாழை மரம் அவிழ்த்த லோரி வந்தது. எதிர் வீட்டில் நின்று அத்தையை ஏற்றிக்கொண்டது. பூட்ஸ் போட்டு, குலை வெட்டும் கம்போடு அப்பா வாசலில் நின்றிருந்தார். லோரி நிற்கவில்லை.