ஆகஸ்ட் பதினைந்தும் நவம்பர் பதினான்கும்

1978ஆம் ஆண்டு நவம்பர் பதினான்காம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதே கால் மணிக்கு, நான் என் அம்மாவுக்குப் பிறந்தவள்தானா என்ற ஐயம் எனக்கு முதன்முதலாக உண்டாயிற்று. பிரார்த்தனை மணி அடித்து, நாங்கள் வரிசையில் நின்றிருந்த நேரம் அது.

தென்காசியில் நாங்கள் படித்த தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியரிடம் நீளமான நோட்டு ஒன்று இருந்தது. எந்தத் தலைவர் எந்த நாளில் பிறந்தார், யார் மறைந்தார், எந்தப் போர் முடிந்தது என்பதெல்லாம் அதில் பச்சை மையில் எழுதப்பட்டிருக்கும். தினமும் காலையில் அதைப் பார்த்து, வாசல் கரும்பலகையில் அன்றைய நாளின் பெருமையை இரண்டு வரிகளில் எழுதுவார். பெருமை எதுவும் இல்லாத நாளில் பலகையைத் துடைத்து மட்டும் வைப்பார். அப்படிப்பட்ட நாள்களைக் கண்டால் எனக்கு இரக்கமாக இருக்கும். அவற்றில் பிறந்தவர்களை நினைத்தால் இன்னும் இரக்கமாக இருக்கும். ஏனெனில் நான் நவம்பர் பதினான்கில் பிறந்தவள். ரோஜாப்பூச் சூடிய தலைவர் பிறந்த நாளில், நாடு முழுவதும் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுக்கும் நாளில், நானும் பிறந்ததாகப் பள்ளிப் பதிவேடு சொன்னது. அக்காவின் நிலை இன்னும் ஒரு படி மேல். பதிவேட்டில் அவள் பிறந்தது, நான் பிறந்த அதே ஆண்டின் ஆகஸ்ட் பதினைந்து. அவளுக்குக் கொடியே ஏற்றினார்கள். இருவரும் ஒரே வகுப்பு. எங்கள் வீட்டின் மீது அரசாங்கத்துக்குத் தனி அக்கறை இருப்பதாக நான் நம்பியிருந்தேன்.

அந்த ஆண்டு ஐந்தாம் வகுப்பு. தலைவர் படத்துக்கு மாலை போடும் பொறுப்பு, அந்நாளில் பிறந்தவள் என்பதால், எனக்கு வந்தது. மாலையை ஏந்தி வரிசையின் முதலில் நின்றேன். எனக்குப் பின்னால் நின்றவளின் அம்மா அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு ஆயா. மகள் வெகுநேரமாக விரல்களை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, ஒங்கக்காவுக்கு ஆகஸ்டு. ஒனக்கு நவம்பரு. நடுவுல மூணு மாசந்தாம்ட்டி இருக்கு.”

“அதுக்கென்ன?”

“புள்ள வயித்துல பத்து மாசம் இருக்கணும். எங்கம்மா தெனமும் பாக்கா. ஒங்கம்மா என்ன, கோழியா? ஒங்க ரெண்டு பேருல ஒருத்தி வாங்குன புள்ளதான்.”

எவள் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அக்கா அம்மாவை உரித்து வைத்திருந்தாள். என் மூக்கு எங்கள் வீட்டில் யாருடைய மூக்கைப் போலவும் இல்லை.

மாலையைப் போட்டேன். படத்தின் கண்ணாடியில், தலைவரின் தோளருகே என் முகம் தெரிந்தது. முந்தைய ஆண்டுகளில் அந்தப் படத்தைத் தொலைவில் கண்டாலே உடல் சிலிர்க்கும். அன்று சிலிர்ப்போடு வேறொன்றும் சேர்ந்துகொண்டது. இவ்வளவு பெரிய நாளில் பிறந்த ஒருத்தி டீக்கடைக்காரர் வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தாள்? எங்கோ ஒரு பெரிய வீட்டில் என்னைத் தேடிக்கொண்டிருப்பார்களோ? அந்த வீட்டை நினைக்க வியப்பாகவும், அம்மா அங்கே இருக்கமாட்டாள் என்பதை நினைக்க பயமாகவும் இருந்தது.

மதியத்தோடு பள்ளி விட்டது. அம்மா எங்களைக் குற்றாலத்துக்குப் பஸ்ஸில் அழைத்துப் போனாள். அருவிக்குப் போகும் பாதையில் அப்பாவின் கடை. கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் வந்துவிடும். அதற்குள் டம்ளர்களையெல்லாம் துலக்கி வைக்க வேண்டும். ஒரு வாரமாக மழை. அருவியில் வெள்ளம் என்று குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். ஆள் நடமாட்டம் இல்லாததால் அப்பா அடுப்பை அணைத்துவிட்டு எங்களோடு வந்து உட்கார்ந்தார். நான் ஒவ்வொரு டம்ளரையும் இரண்டு முறை துலக்கினேன். அக்காவால் எதையும் உள்ளே வைத்திருக்க முடியாது.

“எம்மா, எங்கள்ல யாரு நீ வாங்குன புள்ள?”

“ரெண்டு பேருந்தான்” என்றார் அப்பா. “அவள அரைப் படி தவிட்டுக்கு வாங்குனேன். இவளுக்கு ஒரு படி கேட்டான், பேசிக் கொறச்சேன்.”

அக்கா சிரித்தாள். அம்மாவும் சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

“அந்தத் தேதி பள்ளிக்கூடத்துல சேக்கையில பெரிய சார்வாள் போட்டதுட்டி. அவரு கேக்காரு, எனக்குத் தேதியா தெரியும்? மூத்தவ மாசி, அடுத்தவ ரெண்டு வருசங் கழிச்சு ஆடின்னேன். கையத் தலைக்கு மேல சுத்திக் காதத் தொடச் சொன்னாரு. அவ தொட்டுட்டா. ஒனக்கு எட்டல. அக்கா கூடத்தான் போவேன்னு நீ அழுத அழுகையில, நோட்டப் பொரட்டி ரெண்டு பேருக்கும் நல்ல நாளாப் பாத்து எழுதிக்கிட்டாரு.”

தாய் கிடைத்த அதே நொடியில் தலைவர் என்னை விட்டுப் போனார். நிம்மதி முதலில் வந்தது என்றுதான் எழுத விரும்புகிறேன். உண்மையில் இரண்டும் ஒன்றாகவே வந்தன.

அம்மா அக்கா பிறந்த கதையைச் சொன்னாள். செய்தி கேட்ட பதற்றத்தில் அப்பா ஒரு சட்டி வடையைக் கரியாக்கிய கதை அது. “கரியையும் ஒருத்தன் காசு குடுத்துத் தின்னுட்டுப் போனான்” என்று அப்பா தம் பங்குக்குச் சேர்த்தார். பிறகு அம்மா அருவிப் பக்கம் திரும்பினாள்.

“இவ பொறந்த அன்னைக்கும் இப்படித்தான் வெள்ளம் வந்துச்சு.”

நானும் திரும்பிப் பார்த்தேன். பாறை இருந்த சுவடே இல்லை. மலையே கரைந்து செந்நிறமாகச் சரிந்துகொண்டிருந்தது. துலக்கி அடுக்கிய டம்ளர்கள் அதன் அதிர்வில் ஒன்றையொன்று தொட்டு மெல்லக் கிணுகிணுத்தன. நான் பிறந்தபோது அப்பாவும் அம்மாவும் ஆற்றுக்கு அக்கரையில் குடியிருந்தார்களாம். தரைப்பாலம் முழுகிவிட்டது. அப்பா இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி நீந்தி, இக்கரையிலிருந்த மருத்துவச்சியைத் தோளில் ஏற்றிக்கொண்டு அதே வெள்ளத்தில் திரும்பினாராம். ஓசையைக் கேட்டு, அருவி வீட்டுக்குள் வந்துவிட்டது என்றே அம்மா நினைத்தாளாம்.

“அம்புட்டுதான் தெரியும். கண்ணு முழிக்கையில நீ பக்கத்துல அழுதுக்கிட்டிருந்த. மூணு நாள் ஆயிட்டு, நான் பொழச்சதே பெருசுன்னாவ. எந்த நாள்னு நான் எதக் கண்டேன்? ஒங்கப்பாவுக்குத் தெரியும். கேட்டாச் சொல்ல மாட்டாவ.”

அப்பா அதற்குள் எழுந்து போயிருந்தார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அணைத்த அடுப்பைக் கம்பியால் கிளறிக்கொண்டிருந்தார். அக்காவின் கதை அளவுக்கு என் கதை அவருக்குச் சுவையாக இல்லை போலும் என்று எண்ணினேன். வருத்தம் நீடிக்கவில்லை. கண்ணெதிரே விழுந்துகொண்டிருந்த வெள்ளத்திலிருந்து என்னால் பார்வையை எடுக்க முடியவில்லை. எந்த நோட்டிலும் இல்லாத ஒரு நாள், இவ்வளவு பெரிய ஓசையோடு, எனக்கென்று வந்திருந்தது.

மறுநாள் காலை, மணி அடிக்கும் முன்பே, விரல் மடக்கி எண்ணியவளைத் தேடிப் போனேன். வெள்ளத்தைச் சொன்னேன். கயிற்றைச் சொன்னேன். மருத்துவச்சி அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வந்ததைச் சொன்னேன். அம்மா மூன்று நாள் தூங்கியதைக்கூட ஒரு வேடிக்கை போலச் சொன்னேன். அவள் வாயைப் பிளந்து கேட்டாள். அப்பா அணைந்த அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்ததை மட்டும் சொல்லவில்லை. அது அந்தக் கதையில் சேர்ந்தது என்று எனக்குத் தோன்றவில்லை.