கன்னத்து மையும் கல்கூரைக் கிராமமும்

குழந்தையின் கன்னத்தில் இருந்த திருஷ்டி மையை டிராமில் நான் ஏன் துடைத்தேன்? ஒரு வாரமாக என்னையே கேட்டுப் பார்க்கிறேன்.

ரங்கூனைப் பார்க்காத சகோதரிகளுக்காகச் சொல்கிறேன். நாங்கள் குடியிருக்கும் கெமண்டைனிலிருந்து நகரின் நடுவிலுள்ள கியாக்டடாவுக்கு ஏறக்குறைய மூன்று மைல். டிராமுக்கு ஓரணா. என் கணவர் அங்கே ஓர் அரிசிக் கம்பெனியில் குமாஸ்தா. அவருடைய துரை கிரேக்க தேசத்தவர். துரையின் மனைவி எலேனி அம்மாள் ஊருக்குத் திரும்பப் போகிறார். அதற்குள் எங்கள் ராஜுவைப் பார்க்க வேண்டுமென்று சொல்லி அனுப்பியிருந்தார்.

சனிக்கிழமை மூன்று மணிக்குக் கிளம்பினேன். கப்பலில் மூட்டை ஏறும் நாள் என்பதால் கணவரால் வர முடியவில்லை. ராஜுவுக்கு எட்டு மாதம். சென்ற மாதம்தான் காய்ச்சல் கண்டு தேறியவன். அதனால் வழக்கத்தைவிடப் பெரிதாக மைப்பொட்டு வைத்திருந்தேன். டிராமில் எதிரே, கன்னமெல்லாம் தனக்கா என்னும் மரப்பட்டைச் சாந்து பூசிய ஒரு பர்மியப் பெண் அதைப் பார்த்துச் சிரித்தாள். அன்பான சிரிப்புத்தான். எனக்கோ, துரைசானியும் இப்படிச் சிரிப்பாரோ, மிஷன் பள்ளியில் படித்தவள் இதையெல்லாம் நம்புகிறாளே என்று எண்ணுவாரோ என்று தோன்றிவிட்டது. முந்தானை நுனியை எச்சிலில் நனைத்து அழுந்தத் துடைத்தேன். ராஜு அழுதான்.

"சூலை பயா! எறங்குறவங்க எறங்குங்க!" என்று கூவிய தமிழ்க் கண்டக்டர், என் பையைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டே, "என்னம்மா, ஏறும்போது ஒரு புள்ள, எறங்கும்போது வேற புள்ளயா?" என்றார். வண்டியே சிரித்தது. நான் தலையைக் குனிந்தபடி இறங்கினேன்.

சூலை பயா என்கிற அந்தப் பகோடாவின் பொன் கூம்பைத் தாண்டி இரண்டு தெரு நடந்தால் அவர்கள் வீடு. கீழே அரிசிக் கிட்டங்கி, மேலே மூன்றாம் மாடி. எலேனி அம்மாள் மாடிப்படி முகப்பிலேயே காத்திருந்தார். இருவருக்கும் அரைகுறை ஆங்கிலம். அதுவே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. முதலில் ஒரு கரண்டி பழப்பாகும் ஒரு தம்ளர் தண்ணீரும் கொடுத்தார். அவர்கள் ஊரில் எந்த விருந்தாளிக்கும் அதுதான் முதல் மரியாதையாம். முட்டை கலந்திருக்குமோ என்று பாதியோடு நிறுத்திவிட்டேன். அவர் அதைக் கவனித்துவிட்டார்.

உங்கள் ஊர் எப்படி இருக்கும் என்று கேட்டேன். உடனே மேஜைத் துணியைக் கசக்கி மலையாக்கினார். காப்பிக் குவளை கோயில். சர்க்கரைக் கட்டிகள் வீடுகள். சமவெளியில் துருக்கியரின் வரிக்காரர்களுக்கு அஞ்சி முன்னோர்கள் மேலேறி வந்த ஊராம். சுவர் மட்டுமல்ல, கூரையும் பலகைக் கல்தான். ஆண்கள் எல்லாரும் கொத்தனார்கள். வசந்த காலத்தில் கோவேறு கழுதைகளோடு வெளியூர் போய், குளிருக்கு முன் திரும்புவார்கள். பெண்கள் ஊர் எல்லையிலுள்ள ஒரு பாறைவரை கூடப் போவார்களாம். அழுவதெல்லாம் அங்கேதான், திரும்பி வரும்போது அழக்கூடாது.

"இது என்ன?" என்று மலையுச்சியில் கிடந்த பச்சைக் கைக்குட்டையைக் காட்டினேன்.

"காடு. ஒரு சுள்ளிகூட ஒடிக்க மாட்டோம். ஒடிப்பவனைப் பாதிரியாரே சபிப்பார். அந்தக் காடு இல்லாவிட்டால் பனியும் பாறையும் எங்கள் தலையில்தான் விழும்" என்றவர், ஒரு சர்க்கரைக் கட்டியைத் தொட்டு, "இது என் அம்மா வீடு" என்றார். ராஜு அதைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டான். எலேனி அம்மாள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

ஐந்து மணிக்குப் புறப்பட எழுந்தேன். வாசலில் எலேனி அம்மாள் ராஜுவை வாங்கி, முகத்தையும் காதோரத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எவ்வளவு அழகு!" என்றார். மறுகணம் அவன் முகத்துக்கு நேரே, "தூ, தூ, தூ" என்றார்.

எச்சிலில்தான் காசநோய் பரவும் என்று பள்ளியில் படித்தவள் நான். "ஐயோ, வேண்டாம்!" என்று தமிழில் கத்தி, குழந்தையைப் பிடுங்கி, அவர் கண்ணெதிரிலேயே அவன் முகத்தைத் துடைத்தேன். துளிகூட விழுந்திருக்கவில்லை என்று இப்போது நினைவு வருகிறது. படியிறங்கும்போது மேலிருந்து அவர் கூப்பிட்டார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டில் ராஜுவை இரண்டு முறை வெந்நீரில் குளிப்பாட்டினேன்.

திங்கட்கிழமை மாலை கணவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டார்: "ஜானகி, துரை வீட்டுல என்ன பண்ணிட்டு வந்தே? அந்தம்மா ரெண்டு நாளா அழுதுட்டிருக்காங்களாம்."

"ஏங்க, அவங்க குழந்தை மூஞ்சிலே துப்பினாங்க."

"துப்பலை. சுத்திப் போட்டிருக்காங்க. குழந்தையை அழகுன்னு சொல்லிட்டா அவங்க ஊர்ல அப்படிச் செய்யாம விடமாட்டாங்களாம். பானைக் கரியைக் காதுக்குப் பின்னால தடவுறதும் உண்டாம். நம்ம பையன்கிட்ட எங்க தேடியும் ஒரு பொட்டுகூட இல்லையாம். பெத்தவ மறந்துட்டா போலன்னு அவங்க செஞ்சாங்களாம். ஏன், நீ மை வைக்கலியா?"

நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

மிளகாயும் உப்பும் சுற்றி, மூன்று முறை துப்பச் சொல்வது எங்கள் வீட்டிலும் உண்டு. அந்த வாசலில் அது என் நினைவுக்கே வரவில்லை. எங்கள் ஜில்லாவிலும் ஆண்கள் கப்பலேறிப் போகிறார்கள், பெண்கள் அழுகிறார்கள். அவர் மேஜையில் கண்டது எனக்கு அந்நிய ஊரே இல்லை. அப்படியிருந்தும், தன் தாய் வீட்டையே என் குழந்தைக்குத் தின்னக் கொடுத்தவரைத் தொற்றுநோய்க்காரியைப்போல நடத்திவிட்டு வந்திருக்கிறேன்.

அவர் கப்பலேற இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. மன்னிப்புக் கேட்கப் போகத்தான் வேண்டும். ஆனால் ராஜுவுக்கு மை வைத்து எடுத்துப் போனால், தன் கண்ணுக்குப் பயந்து வைத்ததாக நினைப்பாரோ? வைக்காமல் போனால், நீங்களே மறுபடி செய்யுங்கள் என்று நான் நிற்பது அவருக்குப் புரியுமா? சகோதரிகளே, உங்கள் வீட்டில் நடந்ததாக எண்ணி ஒரு வழி சொல்லுங்கள். குழந்தையை நான் நீட்டியும் அவர் வாங்கப் பயந்தால் என்ன செய்வது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.