ட்ராமிலிருந்து நான் இறக்கிவிட்ட ஆள்

என் மனைவிக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனது. முதலில் வலது கண், சில வாரம் கழித்து இடது கண். இரண்டும் ஆறிய பிறகுதான் புதுக் கண்ணாடி எழுதித் தருவோம் என்று சொல்லிவிட்டார்கள். பழைய கண்ணாடியைப் போட்டால் எழுத்து மிதக்கிறது, கழற்றினால் கரைகிறது என்றாள். வேலையில் இருந்த காலம் முழுக்கக் கணக்கு டீச்சர். மளிகைப் பொட்டலம் கட்டி வரும் காகிதத்தைக்கூடப் படிக்காமல் எறியாதவள். குனியக்கூடாது, தலைக்கு ஊற்றிக்கொள்ளக்கூடாது, அடுப்புப் பக்கம் போகக்கூடாது என்று டாக்டர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினாள். கொஞ்ச நாளைக்குப் படிக்கவும் வேண்டாம் என்றதும் அவரை முறைத்தாள்.

இடது கண்ணும் முடிந்து வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, இட்லி சாப்பிட்ட கையோடு, "மேல் தட்டுல ஒரு தடிப் புஸ்தகம் இருக்குதே, வர்றவங்ககிட்டல்லாம் பெருமையா சொல்லுவீங்களே, அத எடுத்துப் படிச்சுக் காட்டுங்க" என்றாள்.

நாற்காலி போட்டு ஏறி அதை எடுத்தேன்.

அது ஐரோப்பிய நாவல் ஒன்றின் தமிழ் மொழிபெயர்ப்பு. எழுநூறு பக்கத்துக்கு மேல். ஓர் ஆள் காலையில் ட்ராமில் ஏறுகிறான். நகரத்தின் மறுகோடியில் செத்துப்போன அண்ணனுடைய கோட்டு ஒன்றை வாங்கி வரவேண்டும். கதை அவ்வளவுதான். மீதியெல்லாம் அவன் மண்டைக்குள் ஓடுவது. முற்றுப்புள்ளி என்பது திருவிழாவுக்கு வரும் உறவினர் மாதிரி எப்போதாவது தலைகாட்டும். ஒரு வாக்கியம் டிக்கெட்டில் ஆரம்பித்து, அம்மா வைத்த சூப்புக்குப் போய், பள்ளிக்கூட வாத்தியாரின் மீசைக்குப் போய், ஏதோ ஒரு போருக்குப் போய், மறுபடி டிக்கெட்டுக்கு வரும்போது நான்கு பக்கம் தாண்டியிருக்கும். நாவல் என்றால் இதுதான் என்று நான் பல வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ராயபுரத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் மாதம் ஒரு ஞாயிறு கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில், அடுத்து இதைத்தான் பேசவேண்டும் என்று முன்மொழிந்ததும் நான்தான். கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவன் சொன்னால் படித்திருப்பான் என்று நம்பினார்கள்.

நான் அறுபதாம் பக்கத்தைத் தாண்டியதில்லை. மூன்று தடவை ஆரம்பித்தேன். மூன்று தடவையும் அந்தச் சூப்பில்தான் மூழ்கினேன்.

வேறு வழியில்லாமல் படிக்க ஆரம்பித்தேன். முற்றுப்புள்ளி இல்லாத எழுத்தை வாய்விட்டுப் படிப்பது பல்செட் கட்டியவன் செய்யக்கூடிய காரியம் இல்லை. எங்கே மூச்சு விடுவது என்றே தெரியாது. ஹைரோட்டில் கன்டெய்னர் லாரி ஹார்ன் அடிக்கும்போது நிறுத்தி மூச்சு வாங்கிக்கொள்வேன். திருவொற்றியூரில் அதற்குப் பஞ்சமில்லை.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மாள் ஒருத்தி உண்டு. காசிமேட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் கூடையோடு வந்து இறங்குவாள். எங்கள் கேட்டுக்கு உள்ளே உட்கார்ந்துதான் மீன் ஆய்ந்து தருவாள். முதல் நாளே காதில் விழுந்துவிட்டது.

"இன்னா நைனா, வூட்லயே பள்ளிக்கூடம் வச்சிகினியா?"

"கதை படிக்கிறேம்மா."

"இன்னா கத?"

என் மனைவி பதில் சொன்னாள். "ஒருத்தன் ட்ராம்ல போறான். அண்ணனோட கோட்டு ஒண்ணு இருக்காம், அத வாங்கிட்டு வர."

"அப்பால?"

"அவ்ளோதான், இதுவரைக்கும்."

மறுநாள் கூடையை இறக்கும்போதே கேட்டாள். "எறங்கிட்டானா?"

"இல்ல."

"இன்னும் அதுலயே கீறானா? அவனுக்கு ஒண்ணுக்குக்கூட வராதா?"

என் மனைவி சிரித்துவிட்டு, கண்ணுக்கு ஆகாதே என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு தினமும் இதே விசாரணைதான். சங்கராவா நெத்திலியா என்பதற்கு முன்னால், எறங்கினானா இல்லையா.

புத்தகத்தில் அந்தச் சூப் வந்தது. நான் இரண்டு பக்கத்தைச் சேர்த்துத் திருப்பினேன். அவளுக்குத் தெரியவில்லை. மறுநாள் ஐந்து பக்கம். அதுவும் தெரியவில்லை. நடுவாக்கியத்தில் விட்டு நடுவாக்கியத்தில் பிடித்தாலும் இந்த மாதிரிப் புத்தகத்தில் அது எழுதியவனின் திறமையாகவே கேட்கிறது. இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு வெட்கம் வரவில்லை. சந்தோஷமாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு நாள் மீன்கார அம்மாள் கத்தியை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "த பாரு நைனா, நாளிக்கு அந்தாளு எறங்கல, நா இந்தத் தெருவுக்கே வரமாட்டேன். காலைல எய்ந்தா அவன் நெனப்புதான், பேஜாரா கீது."

"எனக்கும் போதும்னு ஆயிடுச்சு" என்றாள் என் மனைவி. "எறக்கித்தான் விடுங்களேன்."

மறுநாள் பக்கங்களைத் திருப்பிப் பார்த்தேன். அடுத்த பக்கத்தில் அவன் ட்ராமில்தான் இருந்தான். அதற்கு அடுத்ததிலும். பத்துப் பக்கம் தள்ளிப் பார்த்தேன்; ஜன்னலில் மழைத்துளியை எண்ணிக்கொண்டிருந்தான். இரண்டு பெண்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். புத்தகத்தை முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்து, அவனை இறக்கிவிட்டேன்.

"ட்ராம் நின்றது, துறைமுக நிறுத்தம், கூடையோடு ஒருத்தி ஏறப் பார்க்கிறாள், நாற்றம் அடிக்கிறது இறங்கு என்கிறான் கண்டக்டர், யாரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை, அவள் பின்னால் பாவாடையைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமி, கையில் புத்தகப் பை, தன் விரல்களை மோந்து பார்த்துவிட்டு முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்கிறாள், எலுமிச்சந்தோல் போட்டுத் தேய்த்திருப்பாள், போகாது அது, எனக்கு என்ன, அண்ணன் கோட்டு எனக்கு என்ன, நான் எழுந்துவிட்டேன், இறங்கிவிட்டேன், அவர்களோடு நடக்கிறேன்."

மீன்கார அம்மாள், "கை வாசன போவாதுதான். கரீட்டா எய்திக்கிறான்" என்று சொல்லி அடுத்த மீனை எடுத்தாள்.

என் மனைவி, "இன்னொரு தடவ படிங்க" என்றாள்.

அச்சில் இல்லாததை மறுபடி எப்படிப் படிப்பது? ஒப்பேற்றினேன்.

"மொதல்ல எலுமிச்சந்தோல்னு வந்துச்சு. இப்ப புளின்னு படிக்கிறீங்க?"

"வரி மாறிப்போச்சு."

அந்தச் சிறுமி எங்கிருந்து வந்தாள் என்று இங்கே சொல்லவேண்டும். என் மாமியார் காசிமேட்டில் மீன் விற்றவர். காலையில் அம்மாவின் கூடையைத் தூக்கிக் கொடுத்துவிட்டுத்தான் என் மனைவி கல்லூரிக்குப் பஸ் ஏறுவாள். பஸ்ஸில் கண்டக்டர் நாற்றம் அடிக்கிறது என்று சொன்னதையும், அன்றைக்குக் கடைசி வரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டே நின்றதையும் கல்யாணம் ஆன புதிதில் ஒரே ஒரு முறை என்னிடம் சொன்னாள். வேறு யாரிடமும் சொன்னதில்லை. வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் அப்பாவுக்குப் போட் பிசினஸ் என்றுதான் சொல்லி வந்தாள். நான் திட்டம் போட்டு அதை எடுக்கவில்லை. வாய்க்கு வந்தது. பாதியில்தான் உறைத்தது, நிறுத்தவில்லை.

அன்று மத்தியானம் படுத்துக்கொண்டே சொன்னாள். "எங்கியோ ஒரு வெள்ளக்காரன். எங்கம்மாவப் பாத்த மாதிரி எழுதிட்டான் பாருங்க. நான் மட்டும் இல்லன்னு ஆயிடுச்சு."

அப்போதே சொல்லியிருக்கலாம். அவள் முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது. சொல்ல மனம் வரவில்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். உண்மையில் எனக்கு அந்த வேலை பிடித்துப்போயிருந்தது. அந்த ஆளும் கூடைக்காரியும் சிறுமியும் இரண்டு வாரம் என் வாயில் நடந்தார்கள். புத்தகத்தை நான் விரித்து வைத்தது முகத்தை மறைக்கத்தான்.

புதுக் கண்ணாடி வந்தது. வாசகர் வட்டக் கூட்டத்துக்குத் தானும் வருவதாகச் சொன்னாள். புத்தகத்தை எடுத்துப் புரட்டிவிடுவாளோ என்று பயந்து, குறிப்பெடுக்க வேண்டும் என்று என் மேசைக்குள் வைத்துக்கொண்டேன். "வச்சுக்கோங்க, நீங்க படிச்சே கேட்டாச்சே" என்றாள்.

கூட்டத்தில் எட்டுப் பேர் இருந்தோம். நான் முன்னுரையில் படித்ததை வைத்து ஏதோ பேசினேன். பிறகு, நான் எதிர்பார்க்காத விதமாக, என் மனைவி எழுந்தாள்.

"எனக்கு இலக்கியமெல்லாம் தெரியாது. எங்கம்மா காசிமேட்டுல மீன் வித்தவங்க" என்று ஆரம்பித்தாள்.

அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. பஸ், கண்டக்டர், முதுகுக்குப் பின்னால் கட்டிய கை எல்லாவற்றையும் சொன்னாள். வகுப்பு எடுப்பதுபோல நிதானமாகச் சொன்னாள். அதையே அந்த எழுத்தாளர் எப்படி எழுதியிருக்கிறார் என்று முடித்தாள்.

வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் பென்சில் கோடு போட்டுப் படிப்பவர். ஆர்வமாகக் கேட்டார். "எந்தப் பக்கம்மா? எப்படி விட்டேன்னு தெரியலயே."

"இவர்தான் படிச்சாரு" என்று என்னைப் பார்த்தாள். "எடுத்துக் குடுங்க."

ஆளுக்கொரு பக்கமாகத் தேட ஆரம்பித்தார்கள். நானும் புத்தகத்தை எடுத்தேன். தேடினேன். விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு, ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, இல்லாத ஒன்றை எல்லோருக்கும் முன்னால் தேடினேன்.

"அம்மா, அவன் ட்ராம்லேருந்து எறங்கவே இல்லயே" என்றார் வங்கி நண்பர் தயங்கிக்கொண்டே. "கடைசிப் பக்கம் வரைக்கும். அதானே நாவலே."

"வேற எதோ கதையோட கலந்திருக்கும்" என்றார் இன்னொருவர், நல்ல மனதோடுதான். "கண் ஆபரேஷன் வேற. நம்ம வயசுக்கு இதெல்லாம் சகஜம்தானே."

என் மனைவி புதுக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். "இருக்கலாம்" என்றாள். "நான்தான் தப்பா…"

அந்த 'இருக்கலாம்' என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து சொன்னேன். அறுபதாம் பக்கம், சேர்த்துத் திருப்பியது, மீன்கார அம்மாள் மிரட்டியது, இறக்கிவிட்டது எல்லாம். அவளுக்கு நினைவு சரியாகத்தான் இருக்கிறது, நான்தான் பொய் படித்தேன் என்றேன். முதலில் வங்கி நண்பர் சிரிக்க ஆரம்பித்தார், அடக்கப் பார்த்து முடியாமல். ஒவ்வொருவராக எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

ஷேர் ஆட்டோவில் வரும்போது தண்டையார்பேட்டை தாண்டித்தான் வாய் திறந்தாள்.

"பொய் படிச்சீங்க, அத விடுங்க. நான் அங்க கூமுட்ட மாதிரி நின்னுட்டிருக்கேன், நீங்க எச்சி தொட்டுத் தொட்டுப் பக்கத்தத் திருப்பினீங்களே. அத எப்பிடிங்க செஞ்சீங்க?"

பக்கத்தில் இருந்த பெண்கள் இரண்டு பேர் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஆட்டோவுக்குச் சில்லறை எண்ண ஆரம்பித்தேன்.

"எங்க அம்மாவப் பத்தி ஊருக்கே சொல்லிட்டேன்" என்றாள் வீடு வந்ததும். செருப்பைக் கழற்றிக்கொண்டே கொஞ்சம் யோசித்தாள். "சொன்னதுல ஒண்ணும் கெட்டுப்போகல. அது வேற விஷயம். அதுக்காக உங்கள விட்டுட்டேன்னு நினைக்காதீங்க."

விடவில்லை. மறுநாள் காலை அந்தப் புத்தகத்தை அவளே எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் பக்கத்திலிருந்து அவள் படிக்க, நான் எதிரில் உட்கார்ந்து கேட்கவேண்டும். தலை தொங்கினால் மேசையில் தட்டுகிறாள். சூப் பகுதியை முழுதாகக் கேட்டேன். அம்மா இறந்த வீட்டில் ஆறிப்போன சூப் அது என்று இந்த வயதில்தான் தெரிந்தது. நன்றாகத்தான் எழுதியிருக்கிறான், பாவி.

நேற்று நடுவில் நிறுத்திவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"கேட்டுட்டுத்தானே இருக்கீங்க?"

"ஒரு எழுத்து விடல."

"இப்ப ரெண்டு பக்கம் சேர்த்துத் திருப்பினேன். தெரிஞ்சுதா?"

நான் கூரையைப் பார்த்தேன்.

"அப்ப மொதல்லேருந்து" என்று சொல்லிப் பக்கங்களைப் பின்னால் புரட்டினாள். அவள் எச்சில் தொடுவதில்லை.