ஒரே மாத்திரை, இரண்டு உடம்பு

போன வாரம் என் மனைவி கல்பனா ஈரத் தரையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். ஆபரேஷன் செய்து, பிளேட் வைத்து, வேங்கிக்காலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கூடவே வலி மாத்திரை.

பெயரைப் பார்த்ததும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. என் முதுகுவலிக்குக் கொடுத்த அதே மாத்திரை. போட்ட கொஞ்ச நேரத்தில் குறட்டை விட்டவன் நான்.

அவளோ, "குறையவே இல்லங்க" என்றாள். சாயங்காலமும் அதையே சொன்னாள். மறுநாளும்...

"எனக்கு நல்லா வேலை செஞ்சுதே. உனக்கு மட்டும் என்ன?"

அதோடு விட்டேனா? பார்க்க வந்த அவளுடைய ஆபீஸ் தோழிகளிடம் ஜோக் வேறு. "இவளுக்கு வலி கம்மிதாங்க. சத்தம்தான் ஜாஸ்தி."

அவர்கள் சிரித்தார்கள். கல்பனாவும் சிரித்தாள். அதன் பிறகு வலி என்ற வார்த்தையையே அவள் எடுக்கவில்லை. சரியாகிவிட்டது என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

கட்டு மாற்றப் போனோம். "வலி எப்படிம்மா இருக்கு?" என்றார் டாக்டர்.

கல்பனா என் முகத்தைப் பார்த்தாள். "பரவாயில்லைங்க."

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தும் அவள் நெற்றி வியர்த்திருந்தது. டாக்டர் அதைக் கவனித்தார். "தூங்குனீங்களா?"

அவளுக்குக் கண்ணீர்தான் வந்தது.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "இந்த மாத்திரையைக் கல்லீரல் மாத்திக் கொடுத்தாத்தான் வலி நல்லா குறையும். சில பேருக்குப் பொறப்புலயே, ஜீன்லயே, அந்த வேலை சரியா நடக்காது. இவங்களுக்கும் அப்படி இருக்கலாம். வேற எழுதறேன்."

தலை குனிந்தேன். அவளுடைய ஜீன் எனக்குத் தெரியாது, சரி. ஆனால் வலிக்கிறது என்று அவள் சொன்னது தமிழில்தானே?

திரும்பும்போது ஆட்டோவில், "மன்னிச்சுக்கோ" என்றேன்.

"மெதுவா ஓட்டச் சொல்லுங்க. குலுங்குது" என்றாள்.

புது மாத்திரை போட்டதும் அசந்து தூங்கினாள். அந்த நேரம் பார்த்து கீழ்பென்னாத்தூரிலிருந்து அவள் அண்ணன் போன் செய்தார். நடந்ததைச் சொன்னேன்.

"எனக்கும் அப்படித்தான் மாப்ள. பல்லு புடுங்குனப்போ ஒரு மாத்திரை கேக்கவே இல்ல. எல்லாரும் நடிக்கிறேன்னாங்க. கல்பனா ஒருத்திதான் நம்புனா."

மாத்திரைதான் கேட்கவில்லை — நானாவது கேட்டிருக்கலாம்.