நடுவில் கருகிய சாக்கு

வள்ளியூரில் எங்கள் மொட்டை மாடியில் மரப்பலகையால் தளம் போட்டிருக்கிறோம். மழைக்காலத்துக்கு முன்னால் அதற்கு லின்சீட் ஆயில் என்ற ஆளிவிதை எண்ணெய் பூசுவது என் கணவர் வேலை. போன வருஷம் அவர் பூசி முடித்ததும், எண்ணெய் தோய்ந்த பழந்துணிகளை நான்தான் சுருட்டி, சாக்கில் திணித்து, பலகை ஓரமாகவே வைத்தேன்.

சாயங்காலம் மாடிக்குப் போனால் சாக்கிலிருந்து புகை! ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு நேராக அவரிடம் சண்டைக்குப் போனேன். சிகரெட்டை விட்டுவிட்டதாக மாதா கோயிலில் சத்தியம் பண்ணியவர் அவர்.

"நான் குடிக்கலட்டி! என்னைய ஏன் ஏசுத?" என்றார்.

நம்பாமல் சாக்கைக் கவிழ்த்தேன். மேலே இருந்த துணிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நடுவில் இருந்தவைதான் கருகியிருந்தன. சிகரெட் கங்கு விழுந்திருந்தால் மேலேதானே முதலில் பிடிக்கும்?

மறுநாள் புதிதாக அந்த எண்ணெயில் தோய்த்த துணி ஒன்றைச் சுருட்டி, முற்றத்து நிழலில் இரும்பு வாளிக்குள் வைத்து, இருவரும் காவல் இருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து நடுவில் விரலை விட்டேன். காய்ச்சல்காரர் நெற்றி மாதிரி சுட்டது.

"இப்பவாவது நம்புதியா?"

பெயிண்ட் கடை அண்ணாச்சியிடம் விசாரித்தோம். அந்த எண்ணெய் காயும்போதே சூடாகுமாம். சுருட்டி வைத்தால் சூடு வெளியேற வழியில்லை.

இப்போது அந்தத் துணிகளைத் தண்ணீரில் முக்கி, பலகையை விட்டுத் தள்ளி, வெட்டவெளியில் தனித்தனியாக விரிக்கிறேன். அவரிடம் மன்னிப்பும் கேட்டாயிற்று. ஆனாலும் அவர் சட்டையைத் துவைக்கப் போடும்போது பையைத் தடவிப் பார்ப்பதை மட்டும் நான் விடவில்லை.